வீட்டுக் கடனை மாற்றி எழுத வக்கீல் வேண்டுமா?

அமெரிக்காவில் வீட்டுக் கடன் தவணை மூன்று நான்கு மாதம் நின்றுபோனால் தபால் பெட்டி நிரம்ப ஆரம்பித்துவிடும். கடனை வசூலிக்கும் நிறுவனத்தின் கடிதங்கள் ஒரு பக்கம். பல மாநிலங்களில் ஃபோர்குளோஷர் (தவணை தவறிய கடனுக்காக வீட்டை எடுத்து ஏலம் விடும் நடவடிக்கை) நோட்டீஸ் கவுன்ட்டி பதிவேட்டிலோ கோர்ட்டிலோ பதிவாகிவிட்டால் அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதிலிருந்து பெயரையும் முகவரியையும் எடுத்துக்கொண்டு, "உங்கள் தவணையைக் குறைத்துத் தருகிறோம், வீட்டைக் காப்பாற்றித் தருகிறோம்" என்று முன்பின் தெரியாத நிறுவனங்கள் எழுதும் கடிதங்கள் இன்னொரு பக்கம். அவற்றில் பலவற்றின் பெயரில் 'லா', 'லீகல்' என்ற சொல் இருக்கும். அந்தச் சமயத்தில்தான் வீட்டில் இந்தப் பேச்சு எழுகிறது: வக்கீல் வைத்துக்கொள்வதா, நாமே பேசிப் பார்ப்பதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவணை தவறிய ஆரம்ப மாதங்களில் பெரும்பாலான குடும்பங்களுக்கு வக்கீல் தேவையில்லை. கையில் மிச்சமிருக்கும் பணத்தை அந்த நேரத்தில் வக்கீலுக்குக் கொடுப்பது வீண். ஆனால் குறிப்பிட்ட சில கட்டங்கள் வந்துவிட்டால் வக்கீல் இல்லாமல் ஒரு வாரம்கூடக் கடத்தக் கூடாது. இந்த இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள்தான் அதிகம். முதல் மாதத்திலேயே பயந்துபோய் யாருக்கோ ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு, கோர்ட் சம்மன் வரும்போது கையில் காசில்லாமல் நிற்கிறார்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு லோன் மாடிபிகேஷன், அதாவது கடனின் வட்டி, தவணை, காலம் ஆகியவற்றை மாற்றி எழுதுவது, நடக்கும் விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மாதாமாதம் நாம் பணம் கட்டும் நிறுவனம் பெரும்பாலும் கடனின் சொந்தக்காரர் கிடையாது. அது சர்வீசர், அதாவது வசூல் செய்து கணக்கு வைக்கும் நிறுவனம். கடன், வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃபிரெடி மேக் போன்ற அமைப்புகளிடமோ வேறு முதலீட்டாளர்களிடமோ இருக்கும், அல்லது எஃப்.எச்.ஏ., வி.ஏ. போன்ற அரசு அமைப்புகளின் காப்பீடோ உத்தரவாதமோ அதற்கு இருக்கும். யாருக்கு எந்தச் சலுகை தரலாம், எந்த வரிசையில் பரிசீலிக்க வேண்டும் என்று அவர்கள் விதிப்புத்தகம் போட்டிருக்கிறார்கள். சர்வீசரின் ஊழியர் நம் வருமானம், பாக்கி, வீட்டின் இன்றைய மதிப்பு ஆகியவற்றை அந்த விதிகளில் பொருத்திப் பார்க்கிறார். முடிவு பெருமளவு அந்தக் கணக்கிலிருந்து வருகிறது. எதிரே உட்கார்ந்து வாதாடி ஜெயிக்கும் வேலைக்கு அங்கே அதிகம் இடமில்லை.

அடுத்தது சட்டம். 'ரெகுலேஷன் எக்ஸ்' என்ற கூட்டாட்சி விதி 2014 ஜனவரி 10 முதல் சர்வீசர்களைக் கட்டுப்படுத்துகிறது. தவணை தவறிய 36 நாளுக்குள் நம்மை நேரடியாகத் தொடர்புகொள்ள முயல வேண்டும். 45 நாளுக்குள் என்னென்ன உதவி உண்டு என்று எழுத்தில் சொல்ல வேண்டும். கடன் 120 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தாலொழியப் பொதுவாக ஃபோர்குளோஷரின் முதல் அடியைக்கூட எடுத்துவைக்கக் கூடாது. விண்ணப்பம் போனால், ஏல நாளுக்கு 45 நாளோ அதற்கு மேலோ இருக்கும்பட்சத்தில், ஐந்து வேலை நாளுக்குள் அது முழுமையா, எந்தக் காகிதம் குறைகிறது என்று பதில் தர வேண்டும். ஏலத்துக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போது முழுமையான விண்ணப்பம் கைக்குப் போய்விட்டால் 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு வரும்வரை கோர்ட்டில் தீர்ப்புக் கேட்பதோ ஏலம் நடத்துவதோ தடை. ஏலத்துக்கு 90 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது முழு விண்ணப்பம் போய், மாடிபிகேஷன் மறுக்கப்பட்டால், 14 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். தங்களுக்குச் சொந்தமான கடன்களை மட்டும், அதுவும் 5,000-க்கு மேல் போகாமல் கையாளும் சிறிய சர்வீசர்களுக்கு இவற்றில் பல பொருந்தாது.

இத்தனை உரிமை தரும் அதே விதி, குறிப்பிட்ட எந்தச் சலுகையையும் சர்வீசர் தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. வழிமுறைக்குத்தான் சட்டம் காவல். முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்பதில் அது தலையிடாது. ஆகவே எந்த வக்கீலாலும் "மாடிபிகேஷன் வாங்கித் தருகிறேன்" என்று உறுதி தர முடியாது. வழிமுறை மீறப்பட்டால் பிடித்து நிறுத்த முடியும். மீறல் எதுவும் நடக்காத கட்டத்தில் வக்கீல் நிரப்புவதும் நாம் நிரப்புவதும் ஒரே படிவம்தான், அது போவதும் ஒரே இடத்துக்குத்தான்.

அந்தப் படிவத்தை நிரப்ப உதவுவதற்கு அரசே ஆள் வைத்திருக்கிறது. ஹட் எனப்படும் வீட்டுவசதித் துறையின் அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்கள் ஃபோர்குளோஷர் விஷயத்தில் இலவசமாக உதவுகிறார்கள். 888-995-4673 என்ற எண்ணில் அவர்களைப் பிடிக்கலாம். வரவு செலவைப் பார்த்து, உங்கள் கடன் எந்த வகை, அதற்கு என்னென்ன வழி உண்டு என்று சொல்வார்கள்; சர்வீசரோடு கூட இருந்து பேசவும் செய்வார்கள். இலவசம் என்றால் தரம் குறைவாக இருக்கும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் பலமாக இருக்கிறது. நாள்தோறும் இதே படிவங்களைப் பார்க்கும் ஆலோசகருக்கு, எப்போதாவது ஒரு மாடிபிகேஷன் கேஸ் எடுக்கும் பொதுவான வக்கீலைவிட இந்த வேலை நன்றாகத் தெரியும்.

விண்ணப்பம் தோற்பதற்கான காரணமும் பெரும்பாலும் சட்டம் சார்ந்ததாக இருப்பதில்லை. காகிதம் பழசாகிப்போவதுதான். சம்பளச் சீட்டும் பாங்க் ஸ்டேட்மென்ட்டும் சமீபத்தியவையாக இருக்க வேண்டும். மார்ச்சில் கொடுத்த சம்பளச் சீட்டு மே மாதம் செல்லாமல் போகலாம். கணவன் மனைவி இருவர் பெயரிலும் கடன் இருந்து ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டிருப்பார். ஸ்டேட்மென்ட்டில் ஆறாம் பக்கம் வெற்றுப் பக்கம் என்று அனுப்பாமல் விட்டிருப்பார்கள். 'ஆறில் ஐந்து பக்கம்தான் வந்தது' என்று கோப்பு முழுமையற்றதாக நிற்கும். வருமான வரிக் கணக்கைப் பார்க்க அனுமதி தரும் 4506-சி படிவத்தில் பழைய முகவரி இருக்கும். இவற்றில் ஏதாவது ஒன்றால் விண்ணப்பம் முழுமையடையாமல் போனால், மேலே சொன்ன பாதுகாப்புகளில் முக்கியமானவை நமக்குக் கிடைக்காது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, எந்தத் தேதியில் யாரோடு பேசினோம், என்ன கேட்டார்கள், எந்தப் பக்கங்களை எப்படி அனுப்பினோம் என்று எழுதி வையுங்கள். ஃபேக்ஸ் போன ரசீதையும் அப்லோட் செய்த திரையின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வக்கீலிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான்.

எதைக் கேட்பது என்பதில் இன்னும் கவனம் தேவை. 2009-ல் ஹேம்ப் என்ற அரசுத் திட்டம் வந்தபோது மாடிபிகேஷன் என்றாலே வட்டி குறையும் என்று பொருள். அந்தத் திட்டம் 2016 கடைசியோடு முடிந்துவிட்டது. வட்டி நிலவரமும் தலைகீழாகிவிட்டது. 2021 ஜனவரியில் 30 ஆண்டுக் கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது. அந்த ஆண்டுகளில் வாங்கியவர்கள் கையில் இருப்பது இனி கிடைக்காத வட்டி. எஃப்.எச்.ஏ. போன்ற சில வகைக் கடன்களில் மாற்றி எழுதும்போது அன்றைய சந்தை வட்டி ஏறிவிடக்கூடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2021-ல் 3 சதவீதத்தில் 4,50,000 டாலர் வாங்கியவருக்கு அசலும் வட்டியும் சேர்ந்து மாதம் சுமார் 1,897 டாலர். ஐந்தாண்டு கட்டியபின் பாக்கி ஏறக்குறைய 4,00,000. ஆறு தவணை தவறுகிறது. வட்டியும் சர்வீசர் கட்டிய சொத்துவரியும் சேர்ந்து பாக்கி 4,12,000 ஆகிறது. அதை 6.5 சதவீதத்தில் 40 ஆண்டுக்கு மாற்றி எழுதினால் மாதம் சுமார் 2,412 டாலர். தவணை குறைவதற்குப் பதிலாக 500 டாலருக்கு மேல் கூடுகிறது, அதுவும் 40 ஆண்டுக்கு! இவருக்கு வேண்டியது முழு மாடிபிகேஷன் கிடையாது. தவறிய தொகையை மட்டும் வட்டியில்லாத இரண்டாவது கடனாக ஒதுக்கி, வீட்டை விற்கும்போதோ கடனை அடைக்கும்போதோ கட்டச் சொல்லும் எஃப்.எச்.ஏ.யின் 'பார்ஷியல் கிளெய்ம்' பற்றித்தான் இவர் முதலில் கேட்க வேண்டும். ஃபேனி, ஃபிரெடி கடன்களில் இதே மாதிரி 'பேமென்ட் டிஃபரல்' உண்டு. பழைய 3 சதவீதம் அப்படியே தொடரும். பழைய தவணையைத் திரும்பக் கட்ட முடிகிற வருமானம் இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. இதைச் சொல்ல ஆலோசகர் போதும்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களின் நிலைமை தனி. வேலை போனால் 60 நாள் அவகாசம். நாட்டில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். ஃபோர்குளோஷரோ 120 நாளுக்கு மேல்தான் தொடங்கவே முடியும். அதாவது வீட்டுக்கு ஆபத்து வருவதற்கு முன்பே நாட்டில் இருப்பதற்கே கெடு முடிகிறது. மாடிபிகேஷனுக்கு நிலையான வருமானம் காட்ட வேண்டும். வேலையில்லாத மாதங்களில் அது முடியாது. சில மாதத் தவணையை நிறுத்திவைக்கும் ஃபோர்பேரன்ஸை வேண்டுமானால் கேட்கலாம். வேறு வேலை கிடைக்குமா என்பது தெளிவாகாத நிலையில், வீட்டின் மதிப்பு கடனைவிட அதிகமாக இருந்தால், ஏலம் வரை காத்திராமல் நல்ல விலைக்கு விற்று, போட்ட முதலைக் கையில் எடுத்துக்கொள்வதுதான் பலருக்குச் சரி என்று நினைக்கிறேன். அந்த வீட்டை வாங்குவதற்குப் பட்ட பாடும், ஊரில் அப்பா அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கமும் சேர்ந்து முடிவைத் தள்ளிப்போட வைக்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் தாமதக் கட்டணமும் வட்டியுமாக அந்த முதலில் இருந்துதான் கழிகிறது.

இனி, வக்கீல் கட்டாயம் வேண்டிய இடங்கள். இதை மாநிலம்தான் தீர்மானிக்கிறது.

நியூ ஜெர்சியில் ஃபோர்குளோஷர் கோர்ட் வழியாகத்தான் நடக்கும். எடிசனிலோ பிஸ்காட்டவேயிலோ இருப்பவருக்குச் சம்மன் கைக்கு வந்துவிட்டால், பதில் தாக்கல் செய்ய 35 நாள். "நான்தான் மாடிபிகேஷனுக்குப் போட்டிருக்கிறேனே, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே" என்று சம்மனை டிராயரில் போட்டுவிடுவது பெரிய ஆபத்து. கோர்ட்டுக்குச் சர்வீசரின் கஸ்டமர் சர்வீஸோடு சம்பந்தமே இல்லை. பதில் போடாதவர் எதிர்ப்பில்லாதவர் என்ற கணக்கில் வழக்கு நகர்ந்துவிடும். நியூயார்க்கும் கோர்ட் வழிதான். அங்கே வழக்கின் தொடக்கத்திலேயே இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசும் செட்டில்மென்ட் கான்ஃபரன்ஸ் உண்டு.

டெக்சாஸில் பெரும்பாலும் கோர்ட்டே கிடையாது. பிளேனோவிலோ ஃபிரிஸ்கோவிலோ குடியிருக்கும் வீட்டுக்கு, பாக்கியைக் கட்டச் சொல்லிக் குறைந்தது 20 நாள் நோட்டீஸ், பிறகு 21 நாள் ஏல நோட்டீஸ். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் ஏலம். அது முடிந்தபின் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளும் உரிமை வீட்டுக் கடன் ஏலத்தில் அங்கே இல்லை. இந்த வேகத்தில், ஏல நோட்டீஸ் வந்த அன்றே வக்கீலை அழைப்பதுதான் விவேகம். தேதியை நிறுத்த வேண்டுமானால் யாராவது கோர்ட்டுக்குப் போய்த் தடையுத்தரவு வாங்க வேண்டும், அல்லது திவால் மனு போட வேண்டும். இரண்டும் ஆலோசகரால் ஆகாதவை.

கலிபோர்னியாவிலும் ஏலம் பெரும்பாலும் கோர்ட்டுக்கு வெளியேதான். ஆனால் 2013 முதல் அமலில் இருக்கும் ஹோம்ஓனர் பில் ஆஃப் ரைட்ஸ் சட்டம் வீட்டுக்காரர் கையில் ஓர் ஆயுதம் தருகிறது. முழு விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே ஒரு பக்கம் ஏல வேலையையும் நகர்த்தினால், குடியிருக்கும் வீட்டுக்காரர் வழக்குப் போட்டு ஏலத்தை நிறுத்தலாம். ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தையும் எதிர்த் தரப்பிடமிருந்து பெற கோர்ட் உத்தரவிடலாம். ஆகவே இந்த மாதிரி மீறல் தெளிவாக இருந்தால் அங்கே நல்ல வக்கீல்கள் கேஸை எடுக்க முன்வருவார்கள்.

எந்த மாநிலமானாலும் இன்னும் சில சந்தர்ப்பங்கள் உண்டு. கட்டிய தவணையைக் கணக்கில் வரவு வைக்காமல் பாக்கி என்கிறார்கள். கடன் ஒரு சர்வீசரிடமிருந்து இன்னொருவருக்கு மாறியபோது ஒப்புக்கொண்ட மாடிபிகேஷனைப் புதியவர் மறுக்கிறார். இவற்றுக்கு முதலில் 'நோட்டீஸ் ஆஃப் எரர்' என்று தலைப்பிட்டு, அதற்கென்று சர்வீசர் அறிவித்திருக்கும் முகவரிக்கு எழுத வேண்டும். ஐந்து வேலை நாளில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, பொதுவாக 30 வேலை நாளில் அவர்கள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் வக்கீல். கடன் வாங்கிய கணவரோ தாயாரோ இறந்துபோய், கடன் பத்திரத்தில் பெயரில்லாத மனைவியோ மகனோ வீட்டில் இருந்தால், அவர்களை வாரிசாக ஏற்று மாடிபிகேஷனுக்குப் பரிசீலிக்க விதி உண்டு. இருந்தாலும் சான்றிதழ், உயில் என்று இழுத்தடிப்பு நடக்கும்போது வக்கீல் கடிதம் ஒன்று வேலையைச் சுருக்கும். விவாகரத்தில் வீடு ஒருவருக்கும் கடன் இன்னொருவர் பெயரிலும் நிற்பதும் அப்படித்தான்.

கடைசியாகச் சாப்டர் 13 திவால் மனு. பெயரைக் கேட்டாலே நமக்கு உடம்பு கூசும். ஆனால் மனு தாக்கலான நிமிடத்திலிருந்து பொதுவாக ஏலம் நிற்கும். பழைய பாக்கியை மூன்று முதல் ஐந்து ஆண்டில் சிறிது சிறிதாக அடைக்கலாம், நடப்புத் தவணையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு. வருமானம் திரும்பிவிட்டது, பாக்கிதான் மலையாகிவிட்டது என்பவர்களுக்கு, மாடிபிகேஷன் மறுக்கப்பட்டாலும் வீட்டைத் தக்கவைக்க இது உண்மையான வழி. திவால் வக்கீல் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

வக்கீல் என்ற பெயரில் ஏமாற்றுபவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2008 நெருக்கடிக்குப் பிறகு இந்த வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு எதுவும் செய்யாமல் விட்டார்கள். அதனால் எஃப்.டி.சி. எனப்படும் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், 2011 ஜனவரி 31 முதல் இத்தகைய நிறுவனங்கள் முன்பணம் வாங்கத் தடை விதித்தது. இப்போது அது 'ரெகுலேஷன் ஓ' என்ற பெயரில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சி.எஃப்.பி.பி.யின் விதிகளில் இருக்கிறது. கடன் கொடுத்தவர் எழுத்தில் தரும் சலுகையை நாம் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர்கள் காசு கேட்கலாம். வக்கீல்களுக்கு இதில் விலக்கு உண்டு: நாமோ வீடோ இருக்கும் மாநிலத்தில் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும், உண்மையான வக்கீல் தொழிலின் பகுதியாக இதைச் செய்ய வேண்டும், முன்பணத்தைக் கட்சிக்காரர் டிரஸ்ட் கணக்கில் போட்டு, வேலை செய்யச் செய்ய எடுக்க வேண்டும். இந்த விலக்கைத்தான் மோசடிக்காரர்கள் ஓட்டையாக்கினார்கள். பெயருக்கு ஒரு வக்கீல், வேலை முழுக்கக் கால் சென்டரில். 2014 ஜூலையில் சி.எஃப்.பி.பி.யும் எஃப்.டி.சி.யும் 15 மாநிலங்களும் சேர்ந்து இப்படிப்பட்ட நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தன. கலிபோர்னியா 2009-லேயே இன்னும் கடுமையான சட்டம் போட்டது: மாடிபிகேஷன் வேலைக்கு வக்கீல்கூட முன்பணம் வாங்கக் கூடாது.

ஆகவே உறுதி தருகிறவர், தவணையைச் சர்வீசருக்குக் கட்டாமல் தன்னிடம் கட்டச் சொல்கிறவர், சர்வீசரோடு பேசவே வேண்டாம் என்கிறவர், வீட்டுப் பத்திரத்தைத் தற்காலிகமாகத் தன் பெயருக்கு மாற்றச் சொல்கிறவர், இவர்களில் எவரிடமும் ஒரு டாலரும் கொடுக்க வேண்டாம். 'ஃபாரென்ஸிக் ஆடிட்' செய்து கடன் பத்திரத்தில் பிழை கண்டுபிடித்துக் கடனையே ரத்து செய்கிறோம் என்பதும் இதே ரகம்.

உண்மையான வக்கீலைத் தேடும்போது, மாநிலத்தின் இணைய வக்கீல் பதிவேட்டில் அவர் உரிமத்தையும் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதையும் பாருங்கள். நம்மவர்களுக்கு நன்கு பழகிய வக்கீல் விசா வக்கீல்தான். நல்ல மனிதர், தமிழில் பேசுவார் என்பதற்காக இந்தக் கேஸை அவரிடம் கொண்டுபோகாதீர்கள். ஃபோர்குளோஷர் எதிர்வாதமோ திவால் வழக்கோ வழக்கமாகச் செய்பவரிடம் போங்கள். கோப்பை நீங்களே பார்ப்பீர்களா, அலுவலக ஊழியர் பார்ப்பாரா? கட்டணம் மொத்தமாகவா, மணிக்கணக்கிலா? வழக்குத் தாக்கல் செய்ய நேர்ந்தால் அது இதே கட்டணத்தில் அடங்குமா? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வருமானம் மிகக் குறைவு என்றால் லீகல் எய்ட் அலுவலகங்கள் இலவசமாகவே எடுக்கும். கூட்டம் அதிகம் என்பதால் முன்கூட்டியே மனு கொடுத்துவிட வேண்டும்.

முழு கேஸையும் ஒப்படைக்காமல் ஒரு மணி நேர ஆலோசனையை மட்டும் வாங்குவதும் உண்டு. பல வக்கீல்கள் இதற்குச் சம்மதிக்கிறார்கள். அதை எப்போது வாங்கலாம் என்றால், சர்வீசர் மாடிபிகேஷனுக்குச் சரி என்று சொல்லி, புதிய தொகையைக் கட்டிக்காட்டும் சோதனைத் தவணைகள் வழக்கம்போல் மூன்று மாதம் முடிந்து, இறுதி ஒப்பந்தம் கையெழுத்துக்கு வரும்போது. அந்த ஒப்பந்தத்தில் அசலோடு சேர்த்த தொகை நாம் ஒப்புக்கொண்டதுதானா, ஒதுக்கிவைத்த பாக்கி எப்போது மொத்தமாகக் கட்ட வேண்டியதாகும், வட்டி நிலையானதா பின்னால் ஏறுமா, சர்வீசர் மீது நமக்கு இருக்கும் வழக்குரிமையைக் கைவிடுவதாக எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும்போது சொத்துவரியும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த முழு மாதத் தவணை எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் பெரிய எழுத்தில் காட்டப்படுவது பல சமயம் அசலும் வட்டியும் மட்டும்தான்.